சும்மா நாளில் கோப்பி

என் மகள் ஒரு பகிடி விட்டாள். அதை நான் ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன். முப்பது வருடமாக அரசாங்கக் கச்சேரியில் கோப்புகளுக்கு நடுவே மற்றவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே சம்பளம் எடுத்தவன் நான். ஆனால் மற்றவர்கள் விடும் பகிடி எனக்கு விளங்காது. மனைவி இருந்தவரைக்கும் பக்கத்தில் நின்று, அது பகிடி, சிரியுங்கோ என்று சொல்லித் தருவாள். அவள் போய் மூன்று வருடமாகிறது.

மகளுக்குக் கொழும்பில் ஒரு வங்கியில் வேலை. எங்கள் ஊர் மன்னாரில் உள்ள கிளையில் ஒரு இடம் காலியாகியிருப்பதாகவும், மாற்றம் கேட்பவர்கள் மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் போனில் சொன்னாள். போடு என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போதே என் குரல் ஒரு மாதிரிப் போய்விட்டது. அதைக் கேட்டுத்தான் அவள் அந்தப் பகிடியை விட்டாள்.

"தவுணில இருந்து ஒரு நல்ல கோப்பி குடிச்சு, ஒரு நல்ல பேஸ்ட்ரி சாப்பிட இடம் இருந்தாச் சொல்லுங்கோப்பா. போம் நிரப்புறன்."

அந்தச் செவ்வாய்க்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்து மூன்று நாள் நிற்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு இரண்டு கிழமை இருந்தது.

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைக் கழித்தாலும் நாற்பது வருடத்துக்கு மேல் இந்தத் தவுணில் இருக்கிறேன். இங்கே ஒரு கடையிலும் கோப்பி குடித்ததில்லை என்பது தேட வெளிக்கிட்ட பிறகுதான் தெரிந்தது. முதலில் பஸ் நிலையத்துக்கு முன்னாலிருக்கும் தேத்தண்ணிக்கடைக்குப் போனேன். முதலாளி எருக்கலம்பிட்டிக்காரர். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது போய்ப் புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவருடைய பால் விடாத பிளேன்ரீயைக் குடிப்பதற்காகவே சிலர் தேவையில்லாமல் பஸ் நிலையத்துக்கு வருவார்கள். நான் கோப்பி என்றதும் தேத்தண்ணி ஆற்றிய கை நின்றது.

"யாருக்கு சேர் காய்ச்சல்?"

காய்ச்சலுக்கு மல்லி போட்டுக் குடிக்கிற கோப்பியைத் தவிர வேறு கோப்பி அவருக்குத் தெரியாது. நான் விசயத்தைச் சொன்னேன். மகள் வரவேண்டும், அதற்குக் கோப்பி வேண்டும். அவர் கேட்டுவிட்டு என் முன்னால் பிளேன்ரீயை வைத்தார்.

"என்ட புள்ளையளுக்கு நான் வீடே கட்டிக் குடுத்தன் சேர். புத்தளத்துலதான் இருக்காங்க. நீங்க கோப்பியக் குடுத்து இழுக்கப் பாக்கிறீங்க."

அவர் அதைப் பகிடியாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. சிரித்து வைத்தேன்.

பேஸ்ட்ரி விசயம் இன்னும் மோசம். தவுணில் பேக்கரிகளுக்குக் குறைவில்லை. எல்லாக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் பேஸ்ட்ரி இருக்கிறது. மூன்று மூலையாக மடித்து, உள்ளே மீனும் கிழங்கும் வைத்தது. மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தால் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைப்பார்கள். சாப்பிட்டதற்குக் காசு, மிச்சம் பெட்டிக்குள் திரும்பிப் போகும். நான் தொட்டுப் பார்த்து வேண்டாம் என்று வைத்த ஒரு பேஸ்ட்ரியை இரண்டு நாள் கழித்து அதே கடையில் சந்தித்தேன். மூலை உடைந்திருந்ததால் அடையாளம் தெரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, மருந்தும் குடிக்கிறேன். அந்த இரண்டு கிழமையும் பிள்ளைக்காக ஒரு தகப்பன் சாப்பிடக்கூடியதெல்லாம் சாப்பிட்டேன். கடைசியில் வங்காலைக்காரர் ஒருவருடைய பேக்கரியில் போய், மகள் கொழும்பில் சாப்பிடுகிற சாமானை விளக்கினேன். பெயர் எனக்கு வாயில் வரவில்லை. வளைந்திருக்கும், வெண்ணெய் மணக்கும், கடித்தால் பொருக்குப் பொருக்காக உதிரும் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, அது எங்களுடைய கிம்புலா பணிஸ்தான், நேராக இருப்பதை வளைத்துவிட்டால் சரி, மகள் போகிற அன்று காலையில் பன்னிரண்டு போட்டுத் தருகிறேன் என்றார். நீளமாகச் செய்து மேலே சீனி தூவுகிற அந்தப் பணிஸ் எவ்வளவு வளைந்தாலும் பணிஸ்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்தார்.

உண்மையில் மன்னாரில் நல்ல கோப்பி எங்கே இருக்கிறது என்று எனக்கு முதலிலேயே தெரியும். என் வீட்டு வேலிக்குப் பின்னால் இருக்கிறது. பின்வீட்டு அக்கா எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஒருவர் செத்தால் கோப்பி போடுகிறவர். கொட்டையைத் தானே வறுத்து, வேர்க்கொம்புச் சுக்கும் மல்லியும் சேர்த்து இடித்து, பெரிய அலுமினியப் பானையில் போடுவார். என் மனைவியின் செத்தவீட்டிலும் அவர்தான் போட்டார். முதல் வாய் குடித்தபோது, நல்லாயிருக்கு என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டாவது கோப்பையும் கேட்டேன்.

மகள் வருவதற்கு முதல் நாள் வேலியடியில் நின்று அக்காவிடம் மன்றாடினேன். ஒரே ஒரு கோப்பை, மகளுக்கு மட்டும். செவ்வாய்க்கிழமைக் கதையையும் சொன்னேன்.

"சும்மா நாளில அதைப் போடக்கூடாது தம்பி. வாசம் போனாச் செத்தவீடு எண்டு சனம் கதிரை தூக்கிக்கொண்டு வந்திடும்."

"நான் வாசலில நிண்டு ஒருத்தரும் சாகேல்லை எண்டு சொல்லுறன் அக்கா."

"அப்பிடிச் சொல்லி வாயை மூட முதல் ஒண்டு நடக்கும். போய்ப் படுங்கோ."

வெள்ளிக்கிழமை மகள் வந்தாள். சனிக்கிழமை அவளை என் கடைசி நம்பிக்கைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பறவை பார்க்க வரும் வெள்ளைக்காரருக்காகக் கடல் பக்கமாகத் திறந்த ஒரு இடம். அங்கே கோப்பி மெசின் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். இருந்தது. மேலே ஒரு கட்டில் விரிப்புப் போட்டு மூடியிருந்தது. ஒரு பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார் அங்கே நின்றவர். எப்போது பழுதானது என்று கேட்டேன். போன வருடம் பறவை வந்த நேரம் என்றார். வெளியே பார்த்தால் இந்த வருடப் பறவைகளும் வந்து நின்றன. அவர் பக்கற்றுத் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்துத் தந்தார். மகள் குடித்தாள், பரவாயில்லையப்பா என்றாள். காற்றுக்குக் கோப்பையில் மணலும் விழுந்திருந்தது. அவள் அதையும் சேர்த்துக் குடித்ததைக் கண்டேன். அந்த அன்பைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உண்மையாகவே இங்கே வரப்போகிற பிள்ளையென்றால் குறை சொல்லியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஒழுங்கையில் கதிரைகள் போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது வீட்டு மனிசர் விடியப் போய்விட்டார். வயதாகிப் படுக்கையில் இருந்தவர். அவருக்கு நான் கடன்பட்டதுமில்லை, அவரோடு கோபப்பட்டதுமில்லை. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டதும் என் மனம் ஒரு துள்ளுத் துள்ளியது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட இன்னும் சொல்லவில்லை. சுவாமியார் அதை எந்தப் பாவத்தில் சேர்ப்பார் என்று தெரியவில்லை.

பின்னேரம் மகளையும் கூட்டிக்கொண்டு அந்தச் செத்தவீட்டுக்குப் போனேன். பெண்கள் உள்ளே செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் முற்றத்தில் பந்தலுக்குக் கீழே இருந்தோம். பின்வீட்டு அக்கா தட்டோடு வந்தார். என்னைப் பார்த்த பார்வையில், இப்போது திருப்திதானே என்பது இருந்தது. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

மகள் முதல் வாய் குடித்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், பரீட்சை மறுமொழி பார்க்கிற மாதிரி.

"அம்மாவின்ர செத்தவீட்டண்டைக்குத் தந்தது இதுதான், என்னப்பா."

"ஓம் பிள்ளை. நல்லாயிருக்கா?"

"நல்லாயிருக்கு." இன்னொரு வாய் குடித்தாள். "நான் போம் நிரப்பேல்லை அப்பா. நிரப்பவும் மாட்டன்."

எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன். "பேஸ்ட்ரி சரியில்லை எண்டோ?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "இஞ்ச பஸ்ஸால இறங்கினாலே எனக்கு அண்டைக்குத்தான் இறங்கின மாதிரி இருக்குதப்பா. ஒவ்வொருக்காலும். இதுக்குள்ள நான் எப்பிடி வேலைக்குப் போய் வாறது?"

அம்மா செத்த செய்தி கேட்டு அவள் கொழும்பிலிருந்து அந்த பஸ்ஸில் தனியே வந்தவள். அதை நான் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. இரண்டு கிழமையாகத் தவுண் முழுக்கத் தேடி, அவளை இங்கே வரவிடாமல் செய்கிற அந்த ஒரு சாமானைத்தான் கண்டுபிடித்துக் கையில் கொடுத்திருக்கிறேன். அவள் முடித்துவிட்டு இரண்டாவது கோப்பை கேட்டாள். அதில் என் பிள்ளைதான்.

திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் பேக்கரிக்காரர் சொன்னபடி பன்னிரண்டும் வைத்திருந்தார். உண்மையாகவே வளைத்திருந்தார். சில அளவுக்கு மிஞ்சி வளைந்து வட்டமாகவே போயிருந்தன. மகள் நாலு எடுத்துக்கொண்டாள். பஸ் வெளிக்கிட்டபோது சன்னலால் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். அப்போது சிரித்தாள். பிறகு தேத்தண்ணிக்கடை வாங்குப் பலகையில் மிச்சம் எட்டுப் பணிஸும் நானும் இருந்தோம். ஒன்றைப் பக்கத்தில் நின்ற கழுதைக்கு நீட்டினேன். மணந்து பார்த்துவிட்டு அது காகிதப் பெட்டி ஒன்றைச் சப்பப் போய்விட்டது. முதலாளி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. சீனி போடாமல் போட்டிருந்தார்.

அவள் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கியும் செவ்வாய்க்கிழமை முழுக்கப் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். குளிக்கப் போனபோது கிணற்றுக்கட்டில் வைத்தேன். வங்கி மூடுகிற நேரம் வந்தது, போனது. மகள் பின்னேரம் எனக்குப் போன் எடுத்தாள். மருந்து குடித்தீர்களா என்று கேட்டாள், பணிஸ் நல்லது, கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொடுத்தேன் என்றாள். செவ்வாய்க்கிழமை என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது வாசம் வந்தது. வறுத்த கொட்டை, வேர்க்கொம்பு, மல்லி. ஒழுங்கையை எட்டிப் பார்த்தேன். ஒரு கதிரையும் போகவில்லை. பின்வீட்டு அக்கா வேலிக்கு மேலால் ஒரு கோப்பிப் பேணியை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஆர் அக்கா போனது?" என்று கேட்டேன்.

"குடியுங்கோ தம்பி" என்றார்.

உள்ளே போய் மிச்சமிருந்த பணிஸில் ஒன்றை எடுத்து வந்தேன். இரண்டு நாளில் கல்லாகியிருந்தது. கோப்பியில் தோய்த்துக் கடித்தேன். நன்றாக இருந்தது. முன்வீட்டு மனிசர் கேற்றடியில் வந்து நின்று மணந்து பார்த்தார். ஒருவரும் சாகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் நிறையப் பணிஸ் இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, கதிரை எடுக்கத் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனார்.