வலப்பக்கம் ஏறிய வெளிச்சம்

ஜெபராஜ் கார் ஓட்டுவதைப் பார்த்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தூக்கம் வந்துவிடும். அவ்வளவு நிதானம். இத்தனை காலம் திருச்சியில் வாடகைக் கார் ஓட்டியும் ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்கியதில்லை என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். பாலக்கரை ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவர் வாயைத் திறக்கும் முன்பே அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் சேர்ந்து சிரிப்பார்.

காரைப் பற்றிப் பேசினால் மட்டும் பொறுக்க மாட்டார். கம்பெனி அந்த மாடலையே நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரு கதவுக் கைப்பிடி உடைந்தால்கூடப் பழைய இரும்புக் கடைகளில் தேடி அலைய வேண்டும். விற்றுத் தொலைத்துவிட்டு வேறு வாங்கு என்று சொன்ன சொந்தக்காரர்களோடு பேச்சை நிறுத்தினாரே தவிர, காரை விற்கவில்லை.

வாரத்தில் மூன்று விடியற்காலை அந்தக் காரில் ஸ்ரீரங்கத்துக்குப் போவார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ரங்கசாமியை ஏற்றிக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி, புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் டயாலிசிஸுக்கு இறக்கிவிடுவார். ரங்கசாமிக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவிக்கு மாடிப்படி இறங்கவே முடியாத மூட்டுவலி. பகல் சவாரியெல்லாம் செல்போனில் கூப்பிடும் கம்பெனிக் கார்களுக்குப் போய்விட்ட பிறகு, ஜெபராஜ் வீட்டில் அடுப்பு எரிவது இந்த மாதிரி விடிகாலைச் சவாரிகளால்தான். இருட்டில் ஓட்ட முடியாவிட்டால் அவருக்குப் பிழைப்பே இல்லை.

இருட்டில்தான் கோளாறு வந்தது. ஒரு வருஷமாகவே ஹெட்லைட் வெளிச்சம் அவருக்குப் போதவில்லை. பல்பு மாற்றினார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தார். மாம்பழச் சாலை திரும்பும்போது ரோட்டோரம் மசமசவென்று தெரிவதாக மனைவி லிசியிடம் புலம்பினார். “ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாங்களேன்” என்றாள் லிசி. “கண்ணாடி போடாமலே பேப்பர் படிக்கிறேன், என் கண்ணுக்கு என்ன? லைட்டுதான் அடி வாங்கிடுச்சு” என்று வாயை அடைத்துவிட்டார்.

லிசியின் தம்பி ஜூட் துபாயில் வேலை பார்க்கிறான். அத்தானின் புலம்பல் அங்கேயும் எட்டியது. அதே மாடல் கார் அந்த நாட்டில் இன்னும் ஓடுகிறதாம். ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் புத்தம் புதிய ஹெட்லைட் ஜோடியைக் கொடுத்து அனுப்பினான். பெட்டியைப் பிரித்த ஜெபராஜுக்குத் தலைகால் புரியவில்லை. பளிங்கு மாதிரி இருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

மாட்டிக் கொடுத்தது வீரமலை. பாலக்கரையில் கார் எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவர், ஜெபராஜைவிட நாலைந்து வயது இளையவர், வேலையில் சுத்தம். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தார். பல்பின் கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்து மாட்டினார். இன்னும் பெரிய வாட்ஸ் பல்பு போடு என்று ஜெபராஜ் நச்சரித்ததற்கு மட்டும் மசியவில்லை.

“பழைய ஒயரிங் அண்ணே. பெரிய பல்பு போட்டா ஹோல்டர் உருகிடும். அப்புறம் பாதி வழியில ரெண்டு லைட்டும் போயிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள், ஒன்றைத் தவிர. நம் ஊரில் ஹெட்லைட் என்றால் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்க வேண்டும். வண்டி புதிதாக வந்ததும் சந்தனம் குங்குமம் வைக்கிற மாதிரி அந்த வட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிடுவோம். ஒட்டிவிட்டால் எதிரே வருகிறவன் கண்ணைக் காப்பாற்றியாயிற்று என்று நமக்கு ஒரு திருப்தி. வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்று சுவரில் அடித்துப் பார்ப்பதற்குப் பதில், வீரமலையும் இரண்டு பொட்டுகளை ஒட்டி, “இனி ஒரு தொந்தரவும் இல்ல அண்ணே” என்று அனுப்பிவைத்தார்.

தொந்தரவு அடுத்த சவாரியிலேயே வந்தது. காவிரிப் பாலத்தில் எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லாம் மாறி மாறி லைட்டை அடித்துக் காட்டினார்கள். ஜெபராஜ் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தார். ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டி, “எதிர்ல வர்றவன் மனுசன் இல்லையாய்யா?” என்று கத்திவிட்டுப் போனார். பின்சீட்டில் சுருண்டு படுத்திருந்த ரங்கசாமி எழுந்து, “என்ன ஜெபராஜ், எல்லாரும் நம்மளையே வையறா?” என்றார். ஜெபராஜுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அதைவிட மோசம், இவ்வளவு வெளிச்சம் அடித்தும் ரோட்டோரம் பழையபடி மசமசவென்றுதான் இருந்தது.

அன்று மாலை விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடி வீரமலையிடம் போனார். பட்டறைக்குப் பின்னால் ஒரு குடோனின் வெள்ளைச் சுவர் இருந்தது. டயரில் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் சுவரைப் பார்த்துக் காரை நிறுத்தி, டிம் லைட்டைப் போட்டார்கள். ஜெபராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தார். வீரமலை சாக்பீஸோடு சுவரண்டை போனார். போனவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“அண்ணே, தப்பு பண்ணிட்டோம்ணே! அந்த ஊர்ல ரோட்டுக்கு வலது பக்கமாப் போவாங்க. அவங்க ஓரம் தெரியணும்னு வெளிச்சத்தை வலது பக்கம் தூக்கி வெச்சிருக்கான். நாம இடது பக்கம் போறவங்க. நம்ம வலது பக்கம் எதிர்ல வர்றவன் கண்ணுல்ல? இந்தப் பொட்டு நடுவுல இருந்து என்ன பிரயோசனம்? ஸ்குரூவைத் திருகி மொத்தமா எறக்கினா நமக்கு ரோடே தெரியாது. கழட்டித்தான் ஆகணும்.”

“எங்க தூக்கியிருக்கு?”

“இதோ பாருங்க, கோடு போடறேன்.”

ஜெபராஜ் சுவரைப் பார்த்தார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அது ஏறுவதாகத் தெரியவில்லை. வீரமலையையும் காணவில்லை.

“எங்கய்யா போயிட்ட? கோடு போடறேன்னு சொல்லிட்டு?”

“இங்கதாண்ணே நிக்கிறேன்.”

“எங்க?”

ஜெபராஜ் தலையைத் திருப்பினார். வெளிச்சத்தின் வலது ஓரத்தில், சுவரில் முழுசாக நிழல் விழ, வீரமலை சாக்பீஸோடு கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். அங்கேயேதான் நின்றிருக்கிறார். ஜெபராஜ் மறுபடி சுவரின் நடுவைப் பார்த்தார். ஆள் மறைந்துபோனார். தலையைத் திருப்பினால் வந்தார். ஜெபராஜ் கார் என்ஜினை நிறுத்தவும் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வீரமலை வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவரே சாவியைத் திருகி அணைத்தார். “காலைல லிசி அக்காவைக் கூட்டிக்கிட்டு கண்ணாஸ்பத்திரிக்குப் போங்கண்ணே” என்று மட்டும் சொன்னார். அன்று காரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு ஜெபராஜ் நடந்து வீட்டுக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினார். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. “மெஷின் நின்னுபோச்சு போலருக்கும்மா” என்றார். பக்கத்தில் இருந்த பெண், “ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கு. நேரா பாருங்க” என்றாள். ஜெபராஜுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டரம்மா. நடுவில் தெரியும், ஓரம் போய்விடும். ஆளுக்கே தெரியாமல் போகும். அதனால்தான் பேப்பர் படிக்க முடிந்திருக்கிறது. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

“போனது திரும்ப வருமாங்க?”

“வராதுங்க. இனிமே வண்டி ஓட்டாதீங்க. பகல்லயும் வேண்டாம்.”

வெளியே வந்ததும் லிசி அழுதாள். அவருக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஜூட் மேல் கொஞ்சம், லைட் கம்பெனிக்காரன் மேல் கொஞ்சம். வீடு வந்து சேர்ந்து, காலி வாசலைப் பார்த்த பிறகுதான் அது தன் மேலேயே திரும்பியது. லிசி சொன்னபோதே போயிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஒரு வருஷம் பல்பை மாற்றிக்கொண்டிருந்தோமே என்று நினைத்துத் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதார்.

ரங்கசாமிக்குப் போனில் சொன்னார். “பெருமாள் நம்ம ரெண்டு பேரையும் ஏன் இப்படிச் சோதிக்கறார்னு தெரியலையேப்பா” என்றார் வாத்தியார். “உன்னை விட்டா எனக்கு யாரைத் தெரியும்?”

கடைசியில் மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வேன் ஓட்டிக்கொண்டிருந்த ரஞ்சித் என்பவரைப் பிடித்தார்கள். ஜெபராஜின் கார், ரஞ்சித்தின் கை, கிடைப்பதில் ஆளுக்குப் பாதி. வீரமலை துபாய் லைட்டைக் கழற்றிப் பழையதையே திரும்ப மாட்டி, இந்தத் தடவை சுவரில் அடித்துப் பார்த்து அனுப்பினார். முதல் நாள் வழி காட்டுகிறேன் என்று ஜெபராஜும் கூடப் போனார். தன் காரில் இடதுபக்கச் சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சீட்டு அவருக்குப் புதுச்சட்டை மாதிரி ஒட்டாமல் இருந்தது.

ரங்கசாமியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். இன்னும் இருட்டு பிரியவில்லை. மாம்பழச் சாலையில் திரும்பியதும் ரஞ்சித் சட்டென்று பிரேக் போட்டார். ஜெபராஜுக்குச் சுருக்கென்றது.

“எதுக்குப்பா நிறுத்தற? ரோடுதான் காலியாக் கெடக்கே. இந்த வண்டிக்குப் பிரேக்கை இப்படி அமுக்கக் கூடாது.”

“பூக்கார அம்மாங்க” என்றார் ரஞ்சித். “வலது பக்கத்துலேர்ந்து வர்றாங்க பாருங்க.”

ஜெபராஜ் தலையைத் திருப்பினார். தலையில் கூடையோடு ஒரு வயதான பெண் ரோட்டில் ஓரடி எடுத்து வைத்தவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். போவதா வேண்டாமா என்று காரையே பார்த்தாள். ரஞ்சித் கையைக் காட்டியதும் தயங்கித் தயங்கித் தாண்டினாள்.

“இந்த அம்மாவை இதுவரைக்கும் நான் பார்த்ததே இல்லையே” என்றார் ஜெபராஜ்.

“தினமும் இந்த நேரத்துக்குத்தானே வருவா” என்றார் பின்சீட்டிலிருந்து ரங்கசாமி. “போன வருஷம் ஒரு நாள் நீ நிறுத்தாம வந்துட்டே. கூடையோட பின்னால விழப் பாத்தா பாவம். அதுலேர்ந்து உன் வண்டியைக் கண்டாலே ஓரமா நின்னுடுவா. நீ போனப்புறம்தான் தாண்டுவா.”

ஜெபராஜ் பின்னால் திரும்பினார். “ஏன் சார் நீங்க எங்கிட்ட சொல்லல?”

“நீ பாத்துண்டுதான் போறேன்னு நெனச்சேன்” என்றார் ரங்கசாமி.