நடுவயல்காரியின் பங்கு

தம்பலகாமத்தில் ஒரு வாய்க்காலுக்கு வட்டவிதானையாக, அதாவது யாருக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிப்பவராக, ஒரு பெண்ணைத் தெரிவு செய்தபோது சிரித்தவர்கள் பலர். நஜ்முன் நிஸா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எட்டு வருடமாக அவர் சொன்ன முறைதான் அந்த வாய்க்காலில் நடக்கிறது.

மழை குறைந்த இந்தச் சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் பத்து ஏக்கருக்குத்தான் காணும். அப்படியான வருடங்களில் குளத்தடி வயலை எல்லோரும் பங்கிட்டு விதைப்பது வழக்கம், பெத்மா என்பார்கள். குளத்தடிப் பத்து ஏக்கரும் தவராசாவினது. ஆனால் அங்கே தனியாக விதைத்தால் அது யானைக்கு விதைத்ததுதான். காவலுக்கு ஆட்கள் வேண்டும். நிஸாவின் வீட்டார் சேர்ந்தால் நான்கு ஏக்கரைக் காக்கலாம். வாய்க்கால் கீழே இரண்டு கிளையாகப் பிரிகிறது. பாஹிமின் கிளையார் வந்தால் இன்னும் மூன்று ஏக்கர், சிவகுருநாதனின் கிளையார் வந்தால் மேலும் மூன்று.

ஆனால் இரண்டு கிளைக்காரரும் தவராசாவோடு கதைத்து மூன்று வருடமாகிறது. ஏதோ ஒரு மதகுச் சண்டை. அங்கிருந்து வரும் சொல்லும் இங்கிருந்து போகும் சொல்லும் நடுவயல்காரியான நிஸாவின் வாசலால்தான் போய்வரும்.

நிஸாவின் பங்கு முறை எளிது. எந்த இருவரின் சேர்க்கை முறிந்தாலும் இருவருக்கும் நட்டம் ஒரே அளவாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் பங்கு பிழை. அதன்படி முதல் நான்கு ஏக்கரில் தவராசாவுக்கு இரண்டு, தனக்கு இரண்டு. ஒவ்வொரு கிளையாலும் வரும் மூன்று ஏக்கரில் கிளைக்கு ஒன்று, தவராசாவுக்கு ஒன்று, நடுவில் நின்று இரு பக்கத்தையும் இணைக்கும் தனக்கு ஒன்று. ஆக, நிஸாவுக்கு நான்கு ஏக்கர்! கணவர் மௌத்தான பிறகு அவர் நான்கு ஏக்கர் விதைத்ததே இல்லை. ஆசை இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பாஹிம் வந்து முற்றத்தில் நின்றார்.

“ராத்தா, ஒரு ஏக்கரில ஆறு குடும்பம் என்ன செய்யிறது? காவலுக்கு வர ஏலாது. நாங்க கூலி வேலைக்கு வெளியில போறம். சிவகுருநாதனும் அதைத்தான் சொல்றார்.”

நிஸாவுக்குக் கோபம் வந்தது. முறையில் ஒரு பிழையும் இல்லையே! பிறகுதான் உறைத்தது. தன்னுடைய நான்கில் இரண்டு ஏக்கர் காவலால் வந்ததல்ல. இவர்களும் தவராசாவும் முகம் பாராமல் இருப்பதால் வந்தது. அந்தச் சண்டை இருக்கும்வரை அவருக்கு விளைச்சல்தான்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். போகிற வழியில் சிவகுருநாதனையும் கூட்டிக்கொண்டு, இருவரையும் தவராசாவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“அண்ணன், இவங்களோட நீங்களே கதையுங்க. நேர கதைச்சா, ஒவ்வொரு கிளையின்ர மூண்டு ஏக்கரும் உங்களுக்கும் அவங்களுக்கும் பாதிப் பாதி. அதில எனக்குப் பங்கில்லை.”

தவராசா விரல் மடித்து எண்ணினார். “எனக்கு ஐஞ்சு வருது. இவையளுக்கு ஒண்டரை, ஒண்டரை. உங்களுக்கு ரெண்டு குறையுதே, தங்கச்சி?”

“ஓம், குறையுதுதான்.”

தவராசாவுக்கு ஒரு ஏக்கர் கூடியது நிஸாவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அதற்காக அவருக்கு மட்டும் முறையை மாற்ற முடியுமா?

பிறகு தவராசா உள்ளே போய் இரண்டு கதிரைகளைக் கொண்டுவந்து போட்டார். “இருங்கோ,” என்றார். பாஹிம் இருந்தார். சிவகுருநாதனும் இருந்தார்.

நிஸா படலையைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். உள்ளே குரல்கள் உயர்ந்தன, தணிந்தன. ஒருமுறை சிரிப்பும் கேட்டது. ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.