எட்டு லிங்கமும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸும்

மனசுக்கு வைத்தியம் பார்க்கிற தொழிலில் பெரிய குறை, கையில் காட்ட ஒரு ஊசிகூடக் கிடையாது என்பதுதான். என்னைப் போலவே அடுத்தவருக்குப் புத்தி சொல்லிப் பிழைத்து, பதிலுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் பெங்களூரில் படிப்பை முடித்துவிட்டு, திருவண்ணாமலையில் ஒரு மாடியறையில் போர்டு மாட்டினேன். நான் கற்று வந்தது வெளிநாட்டுப் புதுமுறை. பயத்துக்கு அடியில் ஒரு நினைப்பு இருக்கும். அதைப் பிடித்து, உண்மைதானா என்று விசாரித்து, பயப்படும் காரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வைத்தால் குணமாகிவிடும். புத்தகத்தில் வரும் நோயாளிகள் தனியாக வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். எனக்கு வாய்த்தவர்கள் வேறு ரகம்.

நினைப்பு யாருடையது?

சகுந்தலா கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியில் டீச்சர். ஒருநாள் பஸ்ஸில் மயங்கி விழுந்தாள். அதிலிருந்து பஸ் என்ன, தெருமுனை தாண்டினாலே நெஞ்சு படபடக்கும், செத்துவிடுவோம் என்று தோன்றும். போட்ட லீவு முடிந்து கோடை விடுமுறையும் வந்துவிட்டது. பள்ளி திறக்கும் நாளில் போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும். அப்பா இல்லாத வீடு. அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது.

அம்மாவும் தாய்மாமனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டுதான் அவளை மாடியேற்றினார்கள். பஸ் என்றதும் மனசில் என்ன நினைப்பு வருகிறது என்று கேட்டேன். அம்மா ஒரு பதில் சொன்னாள். அது தப்பு என்று மாமா வேறொன்று சொன்னார். சகுந்தலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்சம் வெளியே இருங்கள் என்று நான் பணிவாகச் சொன்னதற்கு, அந்த அம்மாள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "அவ என்ன நினைக்கிறான்னு அவளுக்கு எப்படிங்க தெரியும்? பெத்தவ நான் சொல்றேன், எழுதிக்குங்க."

ஆதாரம்

பஸ்ஸில் போனால் செத்துப்போவோம் என்பதற்கு என்ன ஆதாரம்? முறைப்படி இதுதான் அடுத்த கேள்வி. கேட்டது அவளை, முந்திக்கொண்டது மாமா. ஆரணி பஸ்ஸில் மாரடைத்தவர், வேலூர் பஸ்ஸில் படியிலிருந்து விழுந்தவர், செங்கம் பஸ்ஸில் தூங்கினபடியே போய்ச் சேர்ந்தவர் என்று அவர் அடுக்க அடுக்க, இனி நானே பஸ் ஏறுவேனா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதிர்த்தரப்பு ஆதாரமும் வேண்டும் என்றேன்.

மறுவாரம் ஜாதகத்தோடு வந்தார்கள். ஆயுள் கெட்டி என்று ஜோசியர் அடித்துச் சொல்லிவிட்டாராம். புத்தகம் இதை ஆதாரம் என்று ஒத்துக்கொள்ளாது. ஆனால் சகுந்தலாவின் முகம் முதல்முறையாகக் கொஞ்சம் தெளிந்திருந்தது. புத்தகத்தை மூடி வைத்தேன். அதற்குள் அவள் முகம் மறுபடி வாடியது. "ஆயுசு இருக்குதுங்க டாக்டரம்மா. ஆனா பஸ்ல மயக்கம் வராதுன்னு ஜோசியர் சொல்லலையே."

தனியாக வந்தவர்

இந்த நேரத்தில்தான் ஆசிரமத்துப் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், தூக்கம் வரவில்லை என்று வந்தார். தனியாக வந்தார், சொன்ன நேரத்துக்கு வந்தார். எனக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. படுத்ததும் என்ன நினைப்பு வருகிறது என்றேன். நினைப்பதற்கு இங்கே 'நான்' என்று ஒருவரே இல்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆளே இல்லாத இடத்தில் யாருக்கு வைத்தியம் பார்ப்பது? ஒரு மணி நேரம் எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு அவருக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த அம்மாளை வழியில் பார்த்தபோது விசாரித்தேன். "நான்-ன்றதே இல்லன்னு சொல்றாருங்க. கெணத்தாண்ட இருக்கிற பக்கெட்ட யாராச்சும் தொட்டா மட்டும், என்னுதுன்னு சண்டைக்கு வர்றாரு."

மூன்றாவது படி

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. பயத்தைப் படிப்படியாக ஏறிக் கடக்க வேண்டும்: இன்று வாசல், நாளை தெருமுனை. இப்படி வீட்டுப்பாடம் கொடுத்தேன். நல்ல நாள் பார்த்து ஆரம்பிக்கிறோம் என்றார்கள். நல்ல நாள் வரவே இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. மலையைச் சுற்றி எட்டு லிங்கம் இருக்கிறதே, எட்டுப் படி! ஒரு நாளைக்கு ஒரு லிங்கம், கும்பிட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டியது. குடும்பமே உடனே கிளம்பிவிட்டது, துணைக்கு நானும் போனேன்.

முதல் நாள் இந்திர லிங்கம், மறுநாள் அக்னி லிங்கம். வியர்த்தாலும் சமாளித்தாள். மூன்றாம் நாள் எம லிங்கம். கும்பிட்டு முடித்ததும், இன்றைக்கு இது போதும், திரும்பலாம் என்றேன். மாமா அசையவில்லை. எமனைக் கும்பிட்ட கையோடு நேரே வீட்டுக்கா? முதல் இரண்டும் ஊருக்குள்; இங்கிருந்து வந்த வழியே திரும்பினால் மலையை இடம் சுற்றின பாவம் வேறு, மிச்சத்தையும் சுற்றியே முடிப்போம் என்றார். மூன்றாம் படியிலிருந்து எட்டுக்குத் தாவினால் பயம் இரட்டிப்பாகும் என்று நானும் மன்றாடினேன். ரோட்டில் ஈ காக்கை இல்லை. நடுவில் சகுந்தலா வெளுத்துப்போய் நின்றாள். கடைசியில் அவள்தான் தீர்ப்புச் சொன்னாள்: "திரும்பிப் போகவும் பயமா இருக்குது, முன்னால போகவும் பயமா இருக்குது. முன்னால போனா புண்ணியமாவது உண்டு, வாங்க."

யார் வைத்தியம்?

நிருதி லிங்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அடி அண்ணாமலையில் சோடா குடித்தாள். என் செருப்பு அறுந்தது. குபேர லிங்கம் வருவதற்குள், தன் கல்யாணப் பேச்சை எடுத்த மாமாவோடு நடந்தபடியே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்; படபடப்பு எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. பயம் ஏறும், ஏறி நின்று, தானே இறங்கும். நான் வாரக்கணக்கில் வாயால் சொன்னதை அவள் கால் தெரிந்துகொண்டுவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஈசானிய லிங்கத்தில் மாமா யாரோ தெரிந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "டாக்டரம்மா பேசிப் பேசிப் பார்த்தாங்க, ஒண்ணும் ஆவல. சாமிதான் நடத்திக் கூட்டிக்கினு வந்தாரு. அவங்களும் கூடவே நடந்தாங்க, பாவம்."

பள்ளி திறந்த நாள்

பஸ்ஸைச் சுற்ற முடியாது, ஏறத்தான் வேண்டும். கூட வருகிறோம் என்ற அம்மாவையும் மாமாவையும் சகுந்தலா வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்போது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அன்று பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் மூன்று பேரும் நின்றிருந்தோம். கைப்பையோடு அவள் இறங்கினாள். அம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தொழில் புத்தியில், என்ன நினைப்பு வந்தது என்று கேட்டேன். அம்மாவும் மாமாவும் வாயைத் திறக்கவில்லை. அவளே சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பயம் வந்துச்சுங்க. வந்தா வரட்டும், அது பாட்டுக்கு ஒரு ஓரமா உக்காந்து வரட்டும்னு நான் டிக்கெட்ட வாங்கிட்டேன்."

நான் கற்று வந்த முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை எந்தப் பக்கமாகச் சுற்றி வர வேண்டும் என்பதை மட்டும் உள்ளூரில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.