அண்ணி காய்ச்சிய எண்ணெய்

"அங்கிள் குடிப்பாரா?" என்று அந்த இளம் டாக்டர் என் அண்ணனைக் காட்டிக் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். "இல்லை டாக்டர். ஒரு சொட்டுகூடக் கிடையாது." டாக்டர் தலையாட்டிவிட்டு ரத்தச் சோதனை முடிவுகளைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார். "இப்போது இல்லை, சரி. இளம் வயதில்?"

அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவாரோ என்று நான் பயந்தேன்.

எங்கள் அப்பா தோட்டத்தில் சம்சு என்ற கள்ளச் சாராயம் குடித்தே செத்தவர். தொழிலாளர் லயத்து வீட்டில் வயிறு உப்பி, கண் மஞ்சளித்து, பாயை விட்டு எழ முடியாமல் கிடந்து போனார். அண்ணனுக்கு அப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்த வயது. கொள்ளி வைத்தவர் அவர்தான். அதன் பிறகு அவர் குடியைத் தொட்டதே இல்லை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டினார். சக ஓட்டுநர்கள் எல்லாரும் மாலையில் கூடிக் குடிக்கிற தொழில் அது. கல்யாண வீடுகளில் ஆண்கள் குடிக்கக் காருக்குப் பின்னால் ஒதுங்கினால், இவர் சிராப் தண்ணீர் டம்ளரோடு பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வார். அவருக்கு இருந்த கெட்ட பழக்கமெல்லாம் இனிப்புத் தூக்கலான தே தாரேக் பால் தேநீரும், லோரியிலேயே உட்கார்ந்து சாப்பிட்ட நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறும்தான். தொந்தி விழுந்தது. சர்க்கரை நோய் வந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வயதில் யாருக்குத்தான் சர்க்கரை இல்லை?

குடிக்காதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேரும் என்று டாக்டர் விளக்கினார். சர்க்கரையும் பருமனும் கூடவே இருந்தால், அந்தக் கொழுப்பு வருடக்கணக்கில் உள்ளுக்குள் புண்ணாக்கித் தழும்பாக்கி, கடைசியில் ஈரலை இறுக வைத்துவிடும். அண்ணனுடையது இறுகிவிட்டது. இனி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து காரில் திரும்பும்போது ஈஜோக் ஊரைத் தாண்டியதும் அண்ணன் கேட்டார்.

"பாப்பா, அப்பனுக்கு வந்ததுதானே இது?"

"அது குடிச்சதால வந்தது அண்ணே. இது வேற."

"வழி வேறயா இருக்கலாம். போயிச் சேர்ற எடம் ஒன்னுதானே?"

எனக்கு ஐம்பது வயதாகிறது. இன்னமும் அவருக்கு நான் பாப்பாதான். அண்ணிக்கும் அப்படித்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. புக்கிட் ரோத்தானில், சொந்தமாகக் கட்டிய சிறிய வீட்டில் இருவர் மட்டும். அண்ணி ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு நோய் என்று தெரிந்த வாரமே வேலையை விட்டுவிட்டார்.

நான் இருப்பது புக்கிட் பெருந்துங்கில், வேலை ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனைப் பார்க்கப் போவேன். அப்படிப் போன ஒரு ஞாயிறு, வாசலிலேயே தேங்காய்ப்பால் காயும் வாசனை வந்தது. சமையலறையில் அண்ணி அடிகனமான வாணலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பால் வற்றி, கசடு பொன்னிறமாகி அடியில் ஒதுங்கி, மேலே எண்ணெய் தெளிந்திருந்தது. அதை வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றினார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் அண்ணனுக்கு இரண்டு பெரிய கரண்டி.

"யாரு அண்ணி இத சொன்னா?"

"கோயில்ல ஒரு அக்கா சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு ஈரல்ல கொழுப்பு இருந்துச்சாம். இதக் குடிச்சுத்தான் கொறஞ்சுச்சாம். போன்ல வீடியோகூட அனுப்பினாங்க. டாக்டரே பேசறாரு லா."

"அவருக்கு ஆரம்பமா இருந்திருக்கும். அண்ணனுக்கு இறுகிப் போச்சு. கொலஸ்ட்ரால் மாத்திரை வேற சாப்புடறாரு. இது பூராவும் கொழுப்பு அண்ணி."

அண்ணி வாணலியை இறக்கி வைத்தார்.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க? திருப்ப முடியாதுன்னாங்க. அதக் கேட்டுட்டு நான் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா, பாப்பா?"

மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கணினியில் தேடினேன். தேடத் தேடக் குழப்பம்தான் மிஞ்சியது. தேங்காய் எண்ணெயிலுள்ள ஒரு வகைக் கொழுப்பு நேராக ஈரலுக்குப் போய் உடனே எரிந்து சக்தியாகிவிடும், அதனால் நல்லது என்றது ஒரு பக்கம். நேராக ஈரலுக்குப் போவதாலேயே கெட்டது, அங்கேதான் தங்கும் என்றது இன்னொன்று. அது மாரடைப்பைக் கொண்டுவரும் கொழுப்பு என்றது வேறொன்று. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததை மனிதருக்கு அப்படியே சொல்ல முடியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது ஒன்றுதான் நேர்மையான பேச்சாகப் பட்டது. ஆனால் அதை வைத்து அண்ணியிடம் போய் என்ன சொல்வது?

அடுத்த வாரம் அண்ணனிடமே பேசினேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொந்தி இருந்த இடத்தில் தோல் தளர்ந்து தொங்கியது. தோள் எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டிருந்தது.

"நீங்க வேணாம்னு சொன்னா அண்ணி விட்டுடுவாங்க."

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும் பாப்பா." உள்ளே அண்ணி இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவ தேங்காய் திருவறா பாரு, பால் பிழியறா பாரு, அந்த நேரத்துல மட்டுந்தான் அவ அழறதில்ல. ரெண்டு கரண்டிதானே. குடிச்சுட்டுப் போறேன்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

முதல் மாதம் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரிந்தது. அண்ணனுக்கு மலச்சிக்கல் விட்டது. முகத்தில் கொஞ்சம் தெளிவு. அண்ணி எனக்குப் போன் செய்து, "பாத்தியா பாப்பா?" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு நானும், இருக்கட்டுமே, என்று நினைத்தேன்.

பிறகு கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஒரு வாரத்தில் வயிறும் ஏறியது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மூச்சு வாங்கினார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, வயிற்றில் குழாய் போட்டுத் தண்ணீரை எடுத்தார்கள். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பைகள் நிறைய நிறைய, அண்ணி அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

நான் தேடிப் போனபோது நடைபாதை நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் கெடுத்துட்டேனா பாப்பா? அந்த எண்ணெய்தானா?"

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் உணவு ஆலோசகர் வந்தார். தலையில் முக்காடு போட்ட இளம் மலாய்ப் பெண். எங்கள் இருவரையும் கட்டில் அருகே உட்கார வைத்து, மலாயில் பொறுமையாகக் கேட்டார். காலையில் என்ன சாப்பிடுகிறார்? அண்ணி தயங்கிவிட்டு எண்ணெய் விஷயத்தைச் சொன்னார். திட்டு விழும் என்று நானும் காத்திருந்தேன். அந்தப் பெண் திட்டவில்லை.

"அதற்குப் பிறகு?"

"அதுக்கப்பறம் ஒன்னும் வேணாம்னுடுவாரு. வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்குன்னுவாரு."

"மதியம்?"

"கஞ்சி. அது ஒன்னுதான் எறங்குது."

"கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள?"

"கருவாடு," என்றார் அண்ணி. "சுங்கை செம்பிலாங்ல வாங்கறது. சுத்தமா காயவச்சது."

"தினமுமா?"

"தினமுந்தான். அது இல்லாட்டி அவருக்கு வாய்க்கு வெளங்காது."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர்கள் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அண்ணியும் குழம்பில் அளந்து பாதியாக்கியிருந்தார். கருவாட்டை உப்பு என்று எங்கள் மூவரில் யாருமே நினைக்கவில்லை. எங்களுக்கு அது மீன்.

உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்தது அந்த உப்புதான், எண்ணெய் இல்லை என்று அவர் சொன்னார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆனால் எண்ணெய் மருந்தும் இல்லை, கக்கா," என்று அண்ணியை மலாயில் அக்கா முறை சொல்லி அழைத்து அந்தப் பெண் தொடர்ந்தார். அண்ணனுடைய உடம்பு தன் சதையையே கரைத்துத் தின்றுகொண்டிருக்கிறது. அவருக்கு வேண்டியது முட்டை, மீன், பருப்பு. காலையில் அவ்வளவு எண்ணெய் உள்ளே போனால் பசி செத்துவிடும், முட்டைக்கு இடம் இருக்காது. அதோடு அவருக்குக் கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் இருக்கிறது. நாள்தோறும் கரண்டி கரண்டியாகக் குடித்தால் இதயத்துக்கு ஆகாது. தாளிக்க ஒரு சின்னக் கரண்டி ஊற்றினால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

நான் படித்ததை அவரிடம் கேட்டேன். சில ஈரல் நோய்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே தேங்காய்க் கொழுப்பு கொடுப்பார்களாமே?

"பித்தம் இறங்காதவர்களுக்கு," என்றார். "சாதாரணக் கொழுப்பு அவர்களுக்குச் செரிக்காது. அதில் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுப்போம். வீட்டில் காய்ச்சுவது அது இல்லை. உங்கள் அண்ணனுக்கு இருப்பதும் அந்த நோய் இல்லை."

அவ்வளவுதான். நாங்கள் மாதக்கணக்கில் மனத்துக்குள் சண்டை போட்ட விஷயத்துக்கு இப்படிச் சாதாரணமான ஒரு பதில் இருந்தது. கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் இருந்தோம். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று அண்ணி மறைத்தார். மற்ற நோயாளிகளும் வீட்டில் என்னென்னவோ குடித்துவிட்டு இப்படித்தான் மறைப்பார்கள் என்று அந்தப் பெண் போகும்போது சொன்னார். வேர்க் கசாயம் சிலதில் ஈரலுக்கே விஷம் உண்டாம். நல்லவேளை, எங்கள் வீட்டில் எண்ணெயோடு போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணி சமையலையே மாற்றினார். உப்புக்குப் பதில் எலுமிச்சை, இஞ்சி, வறுத்த சீரகம். அண்ணன் முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரி சோறே தேவலாம் லா," என்றார். இருந்தாலும் சாப்பிட்டார். படுக்கப் போகும் முன் ரொட்டித் துண்டோ வேகவைத்த முட்டையோ கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதை அண்ணி ஒரு நாளும் தவறவிடவில்லை. தண்ணீர் இறங்கும் மாத்திரையும் ஒழுங்காகப் போயிற்று. கால் வற்றியது. தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்து, அறிந்தவர் தெரிந்தவரோடெல்லாம் உட்கார்ந்து பேசினார். அவருக்கு என்று உப்பில்லாமல் சுட்ட முறுக்கைக் கடித்துவிட்டு, "ஒங்க அண்ணிகிட்ட கத்துக்கிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஒரு வருடத்துக்கும் மேலாக அப்படி ஓடியது. பிறகு ஒரு மத்தியானம், எப்போதோ விற்றுவிட்ட லோரியின் சாவியைக் கேட்டு வீடு முழுக்கத் தேடினார். குலை ஏற்ற நேரமாகிறது என்று அண்ணியைக் கோபித்துக்கொண்டார். டாக்டர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னபோது அவை நிற்காமல் படபடத்தன. ஈரல் வடிகட்டாத கழிவு மூளைக்கு ஏறுகிறது என்றார்கள். சிரப் கொடுத்துத் தெளியவைத்தார்கள். தெளிந்தார், மறுபடியும் குழம்பினார். மழைக்காலத்தில் ஒரு காலை ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று மாலையே எல்லாம் முடிந்துவிட்டது.

உடலை வீட்டில் கிடத்தியிருந்தபோது, தூரத்து உறவுக்காரர் ஒருவர் கொட்டகையில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவரிடம், "ஈரல் போச்சுன்னா தண்ணிதான். வெளிய தெரியாம போட்டிருப்பாரு," என்றார். காதில் விழுந்ததும் அண்ணி தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தார்.

"என் வீட்டுக்காரரு ஒரு சொட்டுத் தொட்டதில்ல. சக்கரையும் கொழுப்பும் சேந்து வந்த நோவு இது. ஒங்களுக்கும் தொந்தி இருக்கு, சக்கரை இருக்கு. போயி டெஸ்ட் எடுங்க."

அண்ணி திரும்பிப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து அண்ணி என்னிடம் கேட்டார். "நெசத்தச் சொல்லு பாப்பா. அந்த எண்ணெய் குடுக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரா?"

யோசித்துத்தான் சொன்னேன். "தெரியல அண்ணி. உசிரு அதனால போகல. அதனால நிக்கவும் இல்ல. நீங்க அப்பறம் ஆக்கிப் போட்ட சோத்துலதான் அந்த ஒரு வருஷம் வந்துச்சு."

அண்ணி தலையாட்டினார். பிறகு, "நீ டெஸ்ட் எடுத்தியா?" என்றார்.

நான் எடுக்கவில்லை. அவர் கேட்ட பிறகுதான் எடுத்தேன். என் ஈரலிலும் கொழுப்பு படிந்திருக்கிறது, இறுகவில்லை. எடையைக் குறைத்தால், சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால், திரும்பிவிடும் என்கிறார்கள். அண்ணியிடம் சொன்னபோது அவர் எந்த மருந்தும் சொல்லவில்லை. ஞாயிறு காலையில் சீக்கிரமே வா என்றார்.

இப்போது செம்பனைக் காட்டுப் பக்கத்து மண்சாலையில் நாங்கள் இருவரும் நடக்கிறோம். எனக்கு மூச்சு வாங்கினால் அண்ணி நின்று காத்திருப்பார். அண்ணனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேசுகிற நாளில் அண்ணிதான் முதலில் தொடங்குவார்.