அஞ்சு பத்துக்கு எரியும் சிவப்பு விளக்கு

மூஸா நெய்னா காக்காவின் சட்டைப் பை விளிம்பை எப்போதும் துணி காயப்போடும் நீலக் கிளிப் ஒன்று கவ்விக்கொண்டிருக்கும். அவர் வீட்டுக்கு நெட் பழுது பார்க்க நான் போய்வந்த நாலு வருஷத்தில், அது இல்லாத சட்டையோடு அவரை நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையிலும் அது இருக்கும். ஒருமுறை கேட்டே விட்டேன்.

"ஷார்ஜால ஒரே ரூமுல பதினோரு பேரு. கொடியில காயப்போட்ட சட்டகூட தங்கும், கிளிப்பு தங்காது. அவனவன் கிளிப்ப அவனவன் சட்டையிலயே வச்சுக்கிடுவான்," என்றார்.

"இங்கன ஒங்க கிளிப்ப யாரு காக்கா எடுக்கப் போறா?"

"பழக்கம் போவ மாட்டேங்குதே. ராஹிலாவும் இதத்தான் கேட்பா."

ராஹிலா அவர் மனைவி. அந்த வீடு ராஹிலாவுடையது. காயல்பட்டினத்தில் வீடு பெண் பிள்ளைகளுக்குத்தான் போகும்; கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். காக்கா பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, அது அவர் தங்கச்சிக்கு. இருபத்தியிரண்டு வருஷம் ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். கம்பெனியை மூடியபோது இரண்டு பெட்டியோடு இந்த வீட்டின் முன் அறைக்கு வந்து சேர்ந்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை. மாமியார் இன்றும் "மாப்பிள்ளைக்கு டீ குடுத்தாச்சா?" என்றுதான் உள்ளேயிருந்து கேட்பார். சொந்தக்காரப் பெண்கள் வந்துபோகும் வீடு என்பதால் உள்ளே போகுமுன் அவர் இருமிவிட்டு நிற்பார். "வாங்கோ" என்று குரல் வந்த பிறகுதான் படி தாண்டுவார். ஐம்பது வயது மனிதர் ஒரு டம்ளர் தண்ணீருக்கு இருமிக்கொண்டு நிற்பதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

நான் எப்படி உள்ளே போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆறுமுகநேரியில் உள்ள ஒரு சின்ன இணையக் கம்பெனியில் என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். ஆண்கள் முன் அறையோடு நின்றுவிடுவார்கள். ரவுட்டரை அங்கேயே மாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். கனத்த சுவர்களைத் தாண்டி உள்ளறைகளுக்கு சிக்னல் போகாது; உள்ளறையில் இருப்பவர்கள் பெண்கள். "ஒரு பொம்பளப் புள்ள இருந்தா பாதி கம்ப்ளெயின்ட் தீந்துரும்," என்று மேனேஜர் பிரைட்டன் சொல்லி, எலெக்ட்ரானிக்ஸ் படித்திருந்த என்னைச் சேர்த்துக்கொண்டார். என் அம்மா முத்தையாபுரத்தில் உப்பளத்தில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவள் நான்தான். ஆறு மாதம் பார்த்துவிட்டு சென்னைக்குப் போய்விடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

தெருவில் கம்பத்தில் ஏறுவது சுந்தர்சிங் அண்ணன். நாசரேத்துக்காரர். கண்ணாடி இழையை முடி அளவுக்குச் சீவி, ஒட்டி, அதன் மேல் ஊதிவிட்டு, "போ, கர்த்தர் காப்பாத்தட்டும்," என்பார். அவர் போட்ட ஜாயின்ட் திரும்ப வந்ததை நான் பார்த்ததில்லை.

காக்கா வீட்டில் முதல் பழுது எளிது. உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்று ரவுட்டரை ஒரு பெரிய ஈச்சம்பழத் தகர டப்பாவுக்குள் வைத்து மூடியிருந்தார். டப்பாவைத் திறந்து, "காக்கா, சிக்னலும் உள்ளயே கிடக்கு," என்றேன். அடுத்தது அடாப்டர். அதற்கடுத்தது பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதல், சேனலை மாற்றினேன். மாடியில் மகள் லுப்னாவின் அறைக்கு ஒரு தனி வைஃபை பெட்டி வைத்தேன். அதோடு சரியாகியிருக்க வேண்டும்.

லுப்னாவுக்கு அந்த வருஷம்தான் வேலை கிடைத்திருந்தது. இங்கிலாந்துப் பல் ஆஸ்பத்திரிகளுக்கு போனில் நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை, வீட்டிலிருந்தே. மதியம் இரண்டு மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால் இரவு சாப்பாடு வரை கதவு திறக்காது. ஆபீஸ் லேப்டாப் வீட்டு இணைப்பில் மட்டும்தான் ஓடும், போன் நெட்டில் ஓடாது. வேலை கிடைத்த மூன்றாம் மாதத்திலிருந்து பழுது தொடங்கியது. சாயங்காலம் ஐந்து பத்துக்கு ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரியும். கால் மணி, இருபது நிமிஷம். பிறகு தானாகப் பச்சையாகிவிடும். வாரம் ஒரு தடவை, சில வாரம் இரண்டு.

நாங்கள் போய்ச் சேரும்போது எல்லாம் சரியாக இருக்கும். அண்ணன் கம்பத்தில் அளந்தார், வீட்டு வாசலில் அளந்தார். ஒளி நன்றாக வந்தது. இருந்தும் ஜாயின்ட்டை வெட்டிப் புதிதாகப் போட்டார். மூன்று முறை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் நேரங்களை எடுத்துப் பார்த்தேன். மின்சாரம் போகவில்லை, ஒளி மட்டும் அறுந்திருந்தது. அண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏளா, சனி ஞாயிறுல ஒண்ணுமே இல்லியே. லைனுக்கு லீவு வுட்டுட்டானுவ போல. நமக்குத்தான் இல்ல."

இரண்டு பேரும் சிரித்தோம். லுப்னாவுக்கும் சனி ஞாயிறுதான் விடுமுறை என்பது எனக்குத் தெரியும். அன்று அதை நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை நான்கரை மணிக்கே போய் லுப்னாவின் அறையில் உட்கார்ந்துகொண்டேன். அவள் மைக்கை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, வேல போயிரும் போலருக்கு. இதுவரை ஒம்பது தடவ கட்டாயிருக்கு. நெட் கம்பெனில இருந்து காரணம் எழுதி லெட்டர் வேணுமாம். என் மேல தப்பில்லன்னு அதுல இருக்கணும். பதினஞ்சு நாள்தான் டைம்."

"வாப்பாட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. எட்டு எடத்துல வேல கேட்டு அலஞ்சுட்டு உக்காந்துருக்காஹ. இப்ப என் சம்பளத்துலதான் வீடு ஓடுது. இதயும் சொன்னா தூங்க மாட்டாஹ."

ஐந்து பன்னிரண்டுக்குத் திரை நின்றது. "பாத்தியளா?" என்று எழுந்து அவள் கீழே ஓடினாள். நான் அறைப் பெட்டியைச் சோதித்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்து இறங்கினேன்.

முன் அறைக்குப் போகும் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். லுப்னா ரவுட்டர் மேசைக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காக்கா. நடுவில் டீயும் ஒரு தட்டு வாடா பலகாரமும். ஷார்ஜா கிட்டங்கியில் ஒரு பூனை மீன் டின் அட்டைப்பெட்டிக்குள் குட்டி போட்ட கதையைக் காக்கா சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி சரக்கோடு மஸ்கட் போய்விட்டதாம். அங்கிருந்து "ஆறு உருப்படி அதிகம்" என்று போன் வந்ததாம். லுப்னா டீ புரையேறச் சிரித்தாள். நாலு வருஷத்தில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ரவுட்டரில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அவர் சட்டைப் பையில் கிளிப் இல்லை.

அங்கிருந்து மேசைக்குப் பின்பக்கம் தெரிந்தது. சுவரிலிருந்து ரவுட்டருக்கு வரும் மஞ்சள் ஒயரை இரண்டாக மடித்து, மடிப்பில் அந்த நீலக் கிளிப் போடப்பட்டிருந்தது. கண்ணாடி இழையை அப்படி மடித்தால் ஒளி வெளியே சிந்திவிடும். எடுத்துவிட்டால் நேராகிவிடும். தடயம் இருக்காது.

காக்கா என்னைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டதையும் பார்த்தார்.

"லுப்னா, மேல போயி பாரும்மா, வந்துரும்," என்றார். அவள் போனதும் கையைப் பின்னால் விட்டுக் கிளிப்பை எடுத்துப் பையில் மாட்டிக்கொண்டார். பச்சை விளக்கு வந்தது.

"காக்கா, இது என்னது?"

டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். "இந்தப் புள்ளய நான் போன்லதான் வளத்தேன். வெள்ளிக்கிழமையானா ரீசார்ஜ் கார்டு வாங்கிட்டு உக்காந்துருப்பேன், நெட் கட்டாயிரக் கூடாதுன்னு துவா கேப்பேன். அவ 'வாப்பா, வாப்பா'ன்னு சொல்லும்போதே படம் நின்னுரும். இப்ப ஒரே வீட்டுல இருக்கேன்."

"ஒரு சத்தம் குடுத்தா வந்து உக்கார மாட்டாளா?"

"வருவா. பத்து நிமிசம்னு சொல்லிட்டு வருவா, கண்ணு மாடிப்படியிலயே இருக்கும். லீவு நாள்ல தூங்கணும், கூட்டாளி யுஸ்ரா வீட்டுக்குப் போவணும். சின்னஞ்சிறுசு, தப்பில்ல. நெட் போனாத்தாம்மா முழுசா வந்து உக்காருதா."

லெட்டர் விஷயத்தையும் பதினைந்து நாளையும் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்தது. "என்ட்ட சொல்லலியே அவ," என்றார். மறுபடியும், "என்ட்ட ஏன் சொல்லல?" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிவப்பு விளக்கு எரியவில்லை.

லெட்டர் மட்டும் மிச்சம். எங்கள் கம்ப்யூட்டரில் காரணத்தை ஒரு பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். வாடிக்கையாளர் தவறு என்று போட்டால் லுப்னாவின் ஆபீஸ் ஒத்துக்கொள்ளாது. அதோடு வாப்பா செய்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். எலி கடித்தது, லாரி அறுத்தது என்று போட போட்டோ வேண்டும். போட்டோ கேட்காத ஒரே காரணம் 'ஜாயின்ட் வேலைக் குறை'. அவ்வளவுதான் மிச்சமிருந்தது. போனில் காக்காவிடம் சொன்னேன்.

"சுந்தர்சிங்குக்கு ஒண்ணும் வந்துராதே?"

"ஒண்ணும் வராது காக்கா. பிரைட்டன் சார் ரெண்டு வார்த்த ஏசுவாரு, அவ்வளவுதான்."

வராது என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரையும் கேட்கவில்லை. பட்டியலில் அந்த வரியை நானே தேர்ந்தெடுத்து, நானே அச்சடித்து, முத்திரை வாங்கி, லுப்னா கையில் கொடுத்தேன். அவள் வேலை தப்பியது. மூன்று ஜாயின்ட் போட்டும் பத்து முறை பழுது என்று அதே காகிதம் முதலாளி மேசைக்குப் போனது. மாதக் கடைசியில், வேலையை விட்டு நிறுத்தப்பட்ட சுந்தர்சிங் அண்ணன் ஒட்டும் மெஷினைப் பிரைட்டன் மேசையில் வைத்துவிட்டு, துணியால் அதைத் துடைத்துவிட்டுப் போனார்.

அன்றே நான் காக்கா வீட்டுக்கு ஓடினேன். முன் அறையில் திறந்த பெட்டி ஒன்று கிடந்தது. காக்காவின் மச்சான் அம்மார் ஓமானில், சலாலாவில் ஒரு கடையில் வேலை பார்த்துக் கொடுத்திருந்தார்.

"இங்கன இருந்தா மறுபடியும் கை அந்த ஒயருக்குப் போவும்," என்றார் காக்கா. நான் அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். "என் கடன் அது. திங்கக்கிழம ஆபீசுக்கு வாரேன். மேனேஜர்ட்டயும் முதலாளிட்டயும் நானே சொல்லுதேன். லுப்னா காதுக்கு வராமப் பாத்துக்கிடச் சொல்லிக் கேக்கேன். சுந்தர்சிங் கையப் பிடிச்சு மன்னிப்பும் கேக்கேன்."

டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பினார்: "மறக்கலம்மா. லீவுக்கு வந்ததும் மொத வேல அதுதான்." அங்கே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு.

போன மாதம் மாமியார் போனில் வைஃபை சேர்த்துக்கொடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். லுப்னா தினமும் டீ இடைவேளையில் ஐந்து பத்துக்கு வாப்பாவோடு வீடியோவில் பேசுகிறாள். நான் இருக்கும்போதே பேசினாள். திரையில் காக்காவின் சட்டைப் பையில் அதே நீலக் கிளிப். "வாப்பா சொல்றாஹ, ஒங்க லைன் இப்ப ரொம்ப நல்லாருக்காம் அக்கா," என்றாள். காக்கா கிளிப்பைக் கழற்றி மறுபடியும் பையில் மாட்டிக்கொண்டார். நான் மாமியார் போனுக்குத் திரும்பினேன்.

நான் நினைத்தால் பிரைட்டனிடம் சொல்லிவிடலாம். பொய்க் காரணம் எழுதியது நான் என்பதால் என் வேலையும் போகும், லெட்டரும் பொய்யாகும், லுப்னாவின் வேலையும் போகும். இப்படித்தான் தினமும் கணக்குப் போடுகிறேன். இதில் எத்தனை பங்கு லுப்னாவுக்காக, எத்தனை பங்கு எனக்காக என்பதை மட்டும் போட்டுப் பார்ப்பதில்லை. சென்னையைப் பற்றி அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார்.

சுந்தர்சிங் அண்ணன் இப்போது துறைமுக ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். காலையில் முத்தையாபுரம் பஸ் நிறுத்தத்தில் நைட் டியூட்டி முடிந்து நிற்பார். என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்.

"ஏளா, அந்தக் காயல்பட்டினத்து வீட்டு லைன் எப்டி இருக்கு?"

"நல்லாருக்குண்ணே."

"ஜாயின்ட்ட யாரு மாத்துனா?"

"யாரும் மாத்தலண்ணே."

"அப்ப நான் போட்டதுதானே ஓடுது?" என்று கேட்டு என் முகத்தையே பார்ப்பார். அதற்குள் என் பஸ் வந்துவிடும்.