சுண்ணாம்புக் கோட்டில் முப்பத்தாறு

காரைக்குடிக்கு வெளியே, யுத்த காலத்தில் போட்ட ஓடுபாதை ஒன்று கிடந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதில் உருப்படியாக மிஞ்சியிருந்தது அறுநூறு கெஜம்தான். அதற்கு அப்பால் தளம் பெயர்ந்து கருவேலம் முளைத்திருந்தது. அதையும் தாண்டினால் கண்மாய்க் கரை.

ஒக்கூர்ப் பக்கத்துக் கோவில் ஒன்றில் கும்பாபிஷேகம். கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் விமானத்திலிருந்து பூத் தூவ வேண்டும் என்று எங்கள் ஃபிளையிங் கிளப்பில் கேட்டு வந்தார்கள். ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானத்தில் நாங்கள் இரண்டு பேர் போனோம். ஓட்டுபவர் கேப்டன், விமானக் கம்பெனியில் பெரிய விமானம் ஓட்டுகிறவர், விடுப்பு நாட்களில் எங்களுக்காகப் பறப்பார். நான் கிளப்பின் எஞ்சினியர். விமானப் பொறியியல் படித்து வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. புறப்படும்போது வலப்பக்கம் உட்கார்ந்து வேகத்தை வாசித்துச் சொல்வதும், கோவிலுக்கு மேலே போனதும் பூவைக் கொட்டுவதும் என் வேலை.

முதல் நாள் மாலை இருவரும் ஓடுபாதையை நடந்தே அளந்தோம். சரிபாதியில், முந்நூறாவது கெஜத்தில், குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டேன். விமானம் தரையை விட மணிக்கு அறுபது மைல் வேகம் வேண்டும். பாதித் தூரத்தில் அதில் பத்துக்கு ஏழு பங்கு, அதாவது நாற்பத்திரண்டு, வந்திருக்க வேண்டும். வராவிட்டால் நிறுத்திவிடுவது. நான் 'ஸ்டாப்' என்றால் அவர் ஏன் என்று கேட்கக்கூடாது; காரணத்தை நின்ற பிறகு பேசிக்கொள்ளலாம். இதைக் காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். கையெழுத்து என் யோசனை. கேப்டன் சிரித்துக்கொண்டேதான் போட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, அரிசி மில்லிலிருந்து வந்த எடை மேடையில் பூவை நிறுத்தேன். ஆறு மூட்டை, அறுபது கிலோ. பெட்ரோல், நாங்கள் இருவர், பூ என்று கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது. முகூர்த்தம் ஒன்பதே கால். எட்டரைக்கு மூட்டைகளை ஏற்றினார்கள். அந்த நேரத்தில் நான் விமானத்தின் மூக்குப் பக்கம் எஞ்சின் எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமானம் ஓடத் தொடங்கியதுமே சத்தத்துக்கு ஏற்ற வேகம் இல்லை என்று தோன்றியது. தோன்றுவதை நான் கணக்கில் எடுப்பதில்லை. வேகமானி முள்ளை மட்டும் பார்த்தேன். இருபது. இருபத்தெட்டு. சக்கரத்துக்கு முன்னால் வெள்ளைக் கோடு வந்தபோது முப்பத்தாறு.

"ஸ்டாப்" என்றேன்.

அவர் கை ஒரு கணம் அப்படியே நின்றது. எதிரே நீளமாக, காலியாகப் பாதை கிடந்தது. பெரிய விமானம் ஓட்டிப் பழகியவருக்கு அது நிச்சயம் ஆசை காட்டியிருக்கும். பிறகு விசையை இழுத்து மூடினார். கோட்டைத் தாண்டி நூறு கெஜத்துக்குள் அலுங்காமல் நின்றோம்.

அலுங்காமல் நின்றதுதான் வினையாகப் போயிற்று. கோவில் காரியக்காரர், அறுபது வயதுச் செட்டியார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னத்தா இது? இன்னும் எம்புட்டு ரோடு கெடக்கு! பாதியிலயே நிப்பாட்டிட்டீக?"

"வேகம் வரலண்ணே."

"போகப் போகத்தானத்தா வரும்? நல்ல காரியத்துக்குக் கெளம்பிட்டு நிக்கலாமா? அங்குட்டு ஊரே அண்ணாந்துக்கிட்டு நிக்கிது. கருடன் வந்து சுத்திட்டுப் போயிரும், நீக இங்கயே நிப்பீக!"

கேப்டன் என்னைப் பார்த்தார். "எதிர்காத்து விழுந்திருக்கும்மா. உடனே இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாமா?"

"காரணம் தெரியாம வேண்டாம் சார்."

மணி எட்டு ஐம்பது. கம்பத்தில் கட்டிய துணியைப் பார்த்தேன், காற்று மாறவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினேன்; லேசாகச் சுற்றியது, பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டச் சொல்லிக் கேட்டேன், குறையில்லை. மிச்சம் இருந்தது சுமைதான். உள்ளே கைவிட்டு ஒரு மூட்டையைத் தூக்கினேன். முழங்கை வரை தண்ணீர் வழிந்தது.

பூக்கட்டும் அம்மாள் ஒருத்தி பக்கத்தில் நின்றாள். "தண்ணி தெளிச்சீகளா?" என்றேன்.

"தெளிக்காம? வெயில்ல வாடிராதா? ரெண்டு கொடம் ஊத்தி, சாக்கையும் நனைச்சுத்தான் கட்டுனோம். சாமிக்குப் போற பூவுல்ல!"

மறுபடி நிறுத்தோம். எண்பத்தெட்டு கிலோ. தளத்துக் குழிகளையும் வெயிலையும் சேர்த்தால், அந்த அறுநூறு கெஜத்துக்கு இருபத்தெட்டு கிலோ சின்ன விஷயம் இல்லை.

"ரெண்டு மூட்டையை இறக்கிரலாம்" என்றேன்.

காரியக்காரர் முகம் மாறிவிட்டது. "ஆறும் ஆறு பங்காளி வீட்டு மூட்டைத்தா. யாரு வீட்டுதை இறக்கச் சொல்றீக? இறக்குன வீட்டுக்காரன் நாளைக்குக் கோவில் வாசல மிதிப்பானா? எம் பேரச் சொல்லியே ஏழு தலைமுறைக்குச் சண்டை போடுவாக."

என் சோதனைப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை. ஆனால் கணக்கு எளிதுதான். "எல்லா மூட்டையிலயும் மூணுல ஒரு பங்கை எடுப்போம். ஆறு வீட்டுப் பூவும் போகும்."

அவர் ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்து, படுதாவில் தள்ளி, நிறுத்து, மறுபடி கட்டினோம். எந்த வீட்டுக்கும் ஒரு பிடி கூடிவிடாமல் அவரே குனிந்து தராசு முள்ளைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு கிலோவுக்குக் கொண்டுவந்தபோது மணி ஒன்பது பத்து.

இரண்டாம் முறை கோட்டில் நாற்பத்தாறு. கண்மாய்க் கரை எங்களுக்குக் கீழே போனது.

கோவிலுக்கு மேலே போய்ச் சேர்ந்தபோது நீர் ஊற்றி முடித்திருந்தார்கள். பத்து நிமிடமாவது தாமதம். கூட்டம் கலையவில்லை. மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டினேன். முதல் சுற்றில் பாதிப் பூ குளத்தில் விழுந்தது. அடுத்த சுற்றில் ராஜகோபுரத்துக்கு மேலே சரியாகக் கொட்டினேன்; கலசங்கள் ஈரமாக இருந்ததால் இதழ்கள் சரியாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டன.

திரும்பி இறங்கியபோது காரியக்காரர் படுதாப் பக்கம் நின்றிருந்தார். கோபம் தணிந்திருந்தது, சந்தேகம் தணியவில்லை.

"பூ விழுந்துச்சா?"

"விழுந்துச்சுண்ணே. ஆறு வீட்டுதும்."

"சரி. இருந்தாலும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிடாதீக. மொதத் தடவையே போயிருக்கலாம். நேரத்துக்கு விழுந்திருக்கும்."

"போயிருக்கலாம்ணே. கரையைத் தாண்டியிருந்தாலும் தாண்டியிருப்போம்."

நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்திருந்தார் போலும். கேப்டனைப் பார்த்தார். கேப்டன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு. அதனாலதான் 'ஸ்டாப்' சொல்ற வேலையை இவங்க கையில கொடுத்திருக்கேன்" என்றார்.

நான் சக்கரத்துக்குக் கட்டை வைக்கப் போனேன்.