கறுப்புப் பூச்சுக்குள் போன இலக்கம்

2007ஆம் ஆண்டு, போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் குடியிருந்தோம். மகளுக்கு ஒன்றரை வயது. கணவரின் பழைய மோட்டார் சைக்கிளின் சட்டகம் கடற்காற்றில் துருப்பிடித்திருந்தது. பிள்ளையோடு ஏறும்போதெல்லாம் உடைந்துவிடுமோ என்று பயப்படுவேன். என் நச்சரிப்புத் தாங்காமல், அவர் வண்டியைப் பிரித்து, சட்டகத்தைத் தெமட்டகொடையில் ஒரு பட்டறையில் தூள் தெளித்துச் சூளையில் உருக்கிப் பூசும் பவுடர் கோட்டிங் செய்யக் கொடுத்தார்.

எடுத்துவரும் நாளில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போனேன். வெள்ளிக்கிழமை, எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார்.

கம்பியில் தொங்கிய சட்டகம் புத்தம் புதிதாய் மினுங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஹாண்டில் பொருந்தும் கழுத்தில் மட்டும் விரலளவு வெறும் இரும்பு. அங்கே வண்டியின் அடையாள இலக்கமான செசி நம்பர் வெட்டியிருப்பதால் டேப் ஒட்டிப் பூசாமல் விட்டதாக வேலையாள் சிங்களத்தில் சொன்னார். நம்பர்தான் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறதே, இந்த இடைவெளியால் மறுபடி துரு ஏறினால் என்ன செய்வது? அதையும் பூசச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். அவர் தயங்கித் தயங்கிக் கறுப்புத் தூளைத் தெளித்து, சூளையில் வைத்து எடுத்தார். நான் வெற்றியோடு த்ரீவீலரில் ஏற்றி வந்தேன்.

வண்டியின் பாகங்களைத் திரும்பப் பூட்டி முடித்த அடுத்த ஞாயிறு, கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். சோதனைச் சாவடியில் மறித்தார்கள். பொலிஸ்காரர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வண்டியின் கழுத்தைக் குனிந்து பார்த்தார், நகத்தால் சுரண்டினார். நம்பர் இல்லை. தூள் உருகி வெட்டுகளை நிரப்பியிருந்தது. சற்று நேரத்தில் நாங்களும் வண்டியும் பொலிஸ் நிலையத்தில். கணவரின் அடையாள அட்டையை எடுத்துவிட்டு அவரை வாங்குப் பலகையில் இருத்தினார்கள். நம்பர் மறைத்த மோட்டார் சைக்கிள், அதுவும் தமிழ் ஆள். அந்த நாட்களில், குண்டு வைக்கக் கொண்டுபோகும் வண்டி என்றல்லாமல் வேறென்ன நினைப்பார்கள்?

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?" என்று மட்டும் கணவர் மெல்லக் கேட்டார். பட்டறை ரசீதுத் துண்டில் இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்து, நான் பிடிவாதம் பிடித்தது உட்பட நடந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

நானா அரை மணி நேரத்தில் வந்தார், கையில் ஒரு டின்னும் தூரிகையும். என்னைப் பார்த்து, "பிள்ளைக்குத் தண்ணி குடுங்க தங்கச்சி, நம்பர் உள்ளுக்குத்தான் இரிக்கி" என்றார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில், இது தன் பட்டறையின் பிழை, டேப் ஒட்டி விட்டிருக்க வேண்டிய இடத்தையும் சேர்த்துப் பூசிவிட்டோம் என்றார். அவர்கள் அவரையும் அதட்டினார்கள். அவருடைய அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நானா டின்னிலிருந்த, பூச்சைக் கரைக்கும் திரவத்தை வண்டியின் கழுத்தில் தடவினார். எல்லோரும் சுற்றி நின்றோம். ஐந்து நிமிடம். பூச்சு தோலுரிவதுபோல் சுருங்கி எழுந்தது. முதலில் ஓர் எழுத்து, பிறகு மூன்று, ஏழு... ஒரு பொலிஸ்காரர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாசிக்க, நானா துடைத்துத் துடைத்துக் காட்டினார். ஒவ்வோர் இலக்கத்துக்கும் என் நெஞ்சு துள்ளியது. கடைசி இலக்கமும் பொருந்தியபோது இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். நான் மகளைத் தூக்கிச் சுற்றினேன்.

அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், பிழை என்னுடையது, ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நானாவிடம் கேட்டேன்.

"நீங்கதான் நம்பரை மறைக்கச் சொன்னீங்கண்டு நான் சொன்னா, அவங்களுக்கு அது வேற கதையாத்தானே கேக்கும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் வாயிலிருந்து வந்த ஒரு வசனம் என் கணவரை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று எனக்கு முன்பே கணக்கிட்டு, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்த மனிதரை நினைக்கும்போது, துணிச்சல் என்பது சத்தமில்லாமல் ஒரு டின்னோடு வந்து நிற்பதாகவே எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.